இடையிடையே என்று ஒரு சொல்

ஆனி பிறந்ததும் எங்கள் பக்கத்தில் பலரும் மாலைச் செய்தியில் ஒரே ஒரு பகுதிக்காகக் காத்திருப்பார்கள். மீனவர்களுக்கான எச்சரிக்கை என்று சென்னை வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அறிவிப்பு அது. அதன் வாய்பாடு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. குமரிக்கடல், மன்னார் வளைகுடா என்று பகுதிகளைச் சொல்லிவிட்டு, அங்கே சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும் என்று முடியும். எண்கள் மட்டும் நாளுக்கு நாள் மாறும். இந்த வாக்கியத்தைச் சிறுவயதிலிருந்து நூற்றுக்கணக்கான முறை கேட்டிருந்தும், அதில் மிகுந்த எடையுள்ள சொல் ‘சூறாவளி’ அன்று, ‘இடையிடையே’தான் என்பது எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் விளங்கியது.

காற்று ஒரு பொருளின்மீது செலுத்தும் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அந்தக் கணக்கின்படி 45 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளுவதைவிட 65 கிலோமீட்டர் வேகக் காற்று ஏறத்தாழ இரு மடங்கு விசையோடு தள்ளும். இரண்டு எண்களையும் காதால் கேட்கும்போது இருபதுதானே வேறுபாடு என்று தோன்றுகிறது. ஆனால் வள்ளத்தில் நிற்பவருக்கும், ஓட்டின்மேல் நிற்பவருக்கும், குலை தள்ளிய வாழைக்கும் அது இரு மடங்கு. அந்த இரு மடங்கு எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் சில நொடிகளே நிற்கும், பிறகு விலகிக்கொள்ளும். அவ்வளவையும் ‘இடையிடையே’ என்ற ஒரே சொல் சுமந்துகொண்டு நிற்கிறது.

இதைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியதற்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலை காரணம். குளிர்நாடு ஒன்றின் கடற்கரை ஊரைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு நாளின் வானிலையை ‘பிளஸ்டரி’ என்று அதன் ஆசிரியர் எழுதியிருந்தார். முதலில் ‘பலத்த காற்று வீசிய நாள்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் பொருந்தவில்லை. அவர் சொல்ல வந்தது காற்றின் பலத்தை மட்டும் அன்று. தள்ளி, நிறுத்தி, திசை மாற்றி, மறுபடி தள்ளி, மனிதரையும் பொருள்களையும் ஓரிடத்தில் நிலைக்கவிடாத ஒரு நாளைப் பற்றி அவர் எழுதியிருந்தார். அதற்குத் தமிழில் சொல் இல்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. காற்றின் வாயிலேயே பிறந்து வளர்ந்தவன் நான்.

எங்கள் ஊர் பணகுடிப் பக்கம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாழும் இடங்களைத் தேடி நுழையும். வடக்கே பாலக்காட்டுக் கணவாய், நடுவே செங்கோட்டைக் கணவாய், தெற்கே ஆரல்வாய்மொழி. அகன்ற வாய்க்காலில் ஓடும் நீர் மடைவாயில் வேகம் பிடிப்பதைப் போல, அந்த இடைவெளிகளில் காற்று நெருக்கப்பட்டு விரைகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்பதற்கு அதுதான் காரணம். வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை இந்தக் காற்று இருக்கும். மழையை மறுபுறத்தில் விட்டுவிட்டு வருவதால் எங்களுக்குப் பெரும்பாலும் புழுதிதான் மிஞ்சும்.

இந்தக் காற்றுக்கு எங்கள் ஊரில் ‘மேக்காத்து’ என்று பெயர். மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. இலக்கியத் தமிழில் இதன் பெயர் கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை என்று நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது ஏற்பட்ட பெருமிதம் இன்னும் போகவில்லை. வாடை என்ற சொல்லைப் பெயரிலேயே கொண்ட சங்கப் பாட்டு ஒன்று இருக்கிறது என்றால், ஒரு காற்றுக்கு அதைவிட என்ன சிறப்பு வேண்டும்? ஆனால் இந்த நான்கு பெயரும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கின்றன, எப்படி வருகிறது என்பதைச் சொல்வதில்லை. தென்றல் மென்மையானது, வாடை குளிரானது என்று நாம் உணர்வதெல்லாம் பாடல்கள் அந்தச் சொற்களின்மீது ஏற்றிவைத்த பொருள். காற்று சீராக வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்ற கேள்விக்கு இந்த நான்கிலும் விடை இல்லை.

அந்த விடையை எனக்குச் சொன்னவர் என் ஆச்சி. பங்குனியில் பிசான அறுப்பு முடிந்து களத்தில் சூடடித்துப் போட்டிருந்த நெல்லைத் தூற்றும் நாள். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு கடல் பக்கமிருந்து கீழ்க்காற்று எழும்பும். அதற்காகக் களத்து வேப்பமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்திருப்போம். இலைகள் அசையத் தொடங்கியதும் எனக்குப் பொறுக்காது. சுளகை எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஆச்சி எழுந்திருக்க மாட்டார். தரையிலிருந்து ஒரு பிடி பதரை அள்ளித் தலைக்குமேல் உயர்த்தி, விரல்களைக் கொஞ்சமாகத் திறந்து விடுவார். பதர் சிறிது தூரம் சாய்ந்து போகும், பிறகு நேராகக் காலடியில் விழும், பிறகு திடீரென்று எங்கள் முகத்திலேயே வந்து அப்பும்.

“பொறுய்யா, காத்துக்கு இன்னும் நிதானம் வரல” என்பார்.

சற்று நேரம் கழித்து மறுபடியும் ஒரு பிடி. இந்த முறை பதர் முழுவதும் ஒரே சாய்வில், ஒரே தூரத்தில், வாய்க்கால் வெட்டியதுபோல் வரிசையாக விழும். அப்போதுதான் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வார். சுளகைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டியதும் நெல் காலடியில் குவியும், பதர் நான்கு முழம் தள்ளித் தனிக்குவியலாகும். காற்றுக்கு நிதானம் இல்லாவிட்டால் இரண்டும் கலந்துவிடும். மிகுந்தால் நெல்லும் பதரோடு போய்விடும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழியை வாய்ப்பைத் தவறவிடாதே என்ற பொருளில்தான் எல்லாரும் கையாளுகிறோம். களத்தில் நின்றவர்கள் அதற்கு முந்திய இன்னொரு பாடத்தையும் அறிந்திருந்தார்கள். அடிக்கிற காற்றெல்லாம் தூற்றுகிற காற்று ஆகாது.

நிதானம் என்ற சொல்லை நாம் மனிதர்களுக்கே வைத்துக்கொண்டோம். பேச்சில் நிதானம், நடையில் நிதானம், வண்டி ஓட்டுவதில் நிதானம். ஆச்சிக்கு அது காற்றின் பண்பாகவும் இருந்தது. புறநானூற்றின் 66ஆம் பாடலில் கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றைத் தொழில் செய்ய வைத்துக் கலம் ஓட்டியவனாகப் போற்றப்படுகிறான். காற்றை வேலைக்கு அழைக்கிறவர்களுக்குத்தான் அது வேலைக்கு ஏற்ற நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் அதற்கான சொல்லும் அவர்களிடமே பிறக்கிறது.

நிதானமில்லாத காற்றால் என்ன நேரும் என்பதைக் களக்காட்டில் மாமாவின் வாழைத் தோட்டத்தில் பார்த்தேன். ஓர் ஆடி மாதப் பிற்பகல். குலை தள்ளிய வாழைகளுக்கெல்லாம் கம்பு ஊன்றிக் கட்டியிருந்தார். வாழையிலை நரம்போடு நரம்பாகக் கிழிந்து நார்நாராகத் தொங்குவதைப் பார்த்து நான் வருந்தியபோது, அது நல்லதுதான், கிழிந்த இலை காற்றைப் பிடிக்காது, மரம் தப்பும் என்றார். காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த வரையில் மரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிடிவாதமாக நின்றன. பிறகு காற்று சட்டென்று நின்றது. நான் பெருமூச்சு விட்டேன். மாமாவின் முகத்தில்தான் கலவரம் தெரிந்தது.

“நின்னுட்டுன்னு நெனைக்காதீங்க மருமவனே. சாஞ்சு நின்ன மரம் இப்ப நிமிரும். நிமிருற நேரம் பாத்து அடிச்சா ஒடிஞ்சுரும்.”

சாய்ந்திருந்த வாழைகள் மெல்ல நிமிர்ந்தன. சில நிமிர்ந்த வேகத்தில் எதிர்ப்பக்கமே சற்றுச் சாய்ந்தன. அந்த நேரத்தில் அடுத்த வீச்சு வந்தது. அது வருவதைக் காண்பதற்குமுன் கேட்டோம். தொலைவில் தென்னந்தோப்பில் ஓலைகள் ஓவென்று எழுந்தன, பிறகு வரப்பு ஓரத்து முருங்கை சடசடவென்று முறிந்தது, அதன்பின் எங்கள் வரிசையில் நான்கு மரங்கள், கம்பு ஊன்றியவையும் சேர்த்து, நடுத்தண்டில் ஒடிந்து குலையோடு தரையில் விழுந்தன. மறுநாள் செய்தியில் ‘பலத்த காற்றால் வாழைகள் சேதம்’ என்று இருந்தது. பலத்த காற்றை அந்த மரங்கள் இரண்டு மணி நேரம் தாங்கி நின்றன. அவற்றை ஒடித்தது இடைவெளி.

இழப்பீட்டுக்கு மனு எழுதப் போன இடத்தில், எழுதிக் கொடுப்பவர் மாமா சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, விட்டுவிட்டு அடித்த காற்று என்றெல்லாம் எழுதினால் எடுபடாது, ‘சூறைக்காற்று’ என்று போடுகிறேன் என்றார். மாமா ஒத்துக்கொண்டார். மனுவைப் பெற்றுக்கொண்ட அலுவலகத்தில் அன்று சூறைக்காற்று எதுவும் பதிவாகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லும் சொல் மாமாவின் வாயில் இருந்தது. தாளில் ஏற அதற்கு உரிமை இல்லாமல் போனது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

ஏன் காற்று இப்படி விட்டுவிட்டு வருகிறது என்பதற்கு விளக்கம் கடினமானதன்று. தரையை ஒட்டி ஓடும் காற்று மரம், வீடு, குன்று என்று முட்டி முட்டிச் சுழிகளாக உடைகிறது. மேலே, தடை இல்லாத உயரத்தில், காற்று வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். பகலில் வெயிலால் தரை சூடாகி, அதை ஒட்டிய காற்று மேலெழும்பும்போது, மேலிருக்கும் வேகமான காற்று கற்றை கற்றையாகக் கீழே இறங்குகிறது. அப்படி ஒரு கற்றை தரையைத் தொடும் சில நொடிகள்தாம் நாம் உணரும் வீச்சு. அந்தி சாய்ந்து தரை குளிர்ந்ததும் இந்தக் கலப்பு குறைந்து, தரையில் காற்று தணிகிறது. “பொழுது அடைஞ்சா காத்தும் அடையும்” என்று ஊரில் சொல்வது பெரும்பாலான நாள்களில் சரியாக இருப்பது இதனால்தான்.

ஊர்ப்பேச்சில் இந்தக் காற்றுக்குப் பெயர்ச்சொல் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். வினைச்சொற்களிடம் போக வேண்டும். தென்றல் வீசும் என்கிறோம். மேக்காற்று வீசுகிறது என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை, அது அடிக்கும். குளிர்காலத்து ஊதைக்காற்று ஊதும். அடிக்கிற காற்று மிகும்போது தள்ளும், ஆளைத் தூக்கும், கூரையைப் பிய்க்கும், புழுதியை அள்ளும். “விட்டு விட்டு அடிக்குது”, “மாத்தி மாத்தி அடிக்குது”, “சுத்திச் சுத்தி அடிக்குது” என்று வினையெச்சத்தை இரட்டித்த உடனே காற்றின் ஒழுங்கின்மை முழுவதும் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. விட்டு என்று ஒரு முறை சொன்னால் அது நிகழ்ச்சி, இரு முறை சொன்னால் அது இயல்பு. வானிலை மையத்தின் ‘இடையிடையே’யும் இதே குடும்பம்தான். இடை என்ற சொல் தன்னைத்தானே மடித்துக்கொண்டு, மறுபடி மறுபடி என்ற பொருளைப் பெற்றுவிடுகிறது.

இன்னொரு களஞ்சியம் இரட்டைக்கிளவி. சலசல, படபட, சடசட, தடதட, மளமள. இவற்றைக் காற்றின் ஒலிகள் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூடக் காற்றின் ஒலி இல்லை. சலசலப்பது இலை, படபடப்பது கொடியில் காயும் வேட்டி, சடசடப்பது முறியும் கிளை, தடதடப்பது தகரக் கொட்டகை, மளமளவெனச் சரிவது அடுக்கிவைத்த விறகு. காற்றின் முன்னே நிற்பது எதுவோ அதன் குரலைக் கொண்டு தமிழ் காற்றை அளக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு திண்ணையில் படுத்திருப்பவருக்கு, சலசலப்பு படபடப்பாகி, படபடப்பு தடதடப்பாகிறது என்றால் எழுந்து துணியை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தெரியும்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அன்று. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த காற்றளவையும் இப்படிப் பிறந்ததே. காற்றுமானி எதுவும் இல்லாமல், கப்பல் எத்தனை பாயைத் தாங்கும் என்பதை வைத்துக் காற்றைச் சுழியத்திலிருந்து 12 வரை பிரித்தார். தரைக்கான குறிகளும் வேக எண்களும் பிற்காலத்தில் சேர்ந்தன. நான்காம் நிலையில் புழுதியும் தாளும் பறக்கும், ஆறாம் நிலையில் குடை பிடிப்பது கடினம், எட்டாம் நிலையில் சிறு கிளைகள் முறியும். அந்த எட்டாம் நிலை மணிக்கு 62 கிலோமீட்டரில் தொடங்குகிறது. நம் நாட்டு வானிலைத் துறை ஒரு தாழ்வு மண்டலத்தைப் புயல் என்று அழைக்கத் தொடங்குவதும் அதே 62இல்தான். கடலோடிகள் பாயைப் பார்த்து வகுத்த கோடு, செயற்கைக்கோள் காலத்திலும் அதே இடத்தில் இருக்கிறது. நம்மிடம் இந்த வரிசையின் உச்சி மட்டும் பழமொழியாக எஞ்சியிருக்கிறது, ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று. அது அம்மி அன்று, அம்மை நோய் என்று சிலர் இப்போது விளக்கம் தருகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. அசையாது என்று நாம் நம்பும் பொருளைப் பறக்க விடுவதில்தானே அந்த வாக்கின் உயிர் இருக்கிறது.

பெரிய சொற்களிடம் வருகிறேன். சூறை என்றால் கொள்ளை. சூறையாடுதல் என்று இன்றும் சொல்கிறோம். கொள்ளையடிக்கும் காற்று சூறைக்காற்று. வளி என்பது காற்றின் பழம்பெயர், வளிமண்டலத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்த சூறாவளி, பாக் நீரிணையின் இரு கரையிலும் இரு வேறு அளவைக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் பருவக்காற்று மும்முரமாக இருக்கும் சாதாரண நாள் எச்சரிக்கையிலும் ‘சூறாவளிக்காற்று’ வரும், உண்மையான சுழற்புயலைப் புயல் என்போம். இலங்கைத் தமிழில் புயலுக்கே சூறாவளி என்பது வழக்கு. மட்டக்களப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவர் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, தொலைக்காட்சியில் அந்த எச்சரிக்கையைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். இது 55 கிலோமீட்டர் காற்றுக்குச் சொல்வது என்று நான் விளக்கியதும் உட்கார்ந்து, “அப்ப உண்மையான சூறாவளி வந்தா என்னெண்டு சொல்லுவீங்கள்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆண்டு முழுவதும் கேட்டுப் பழகிய சொல்லுக்கு ஆபத்து நாளில் யார் செவி கொடுப்பார்கள்? அவர்களிடம் காற்றின் பெயர்களும் வேறு, இன்னும் கைவழக்கில் உள்ளவை. தெற்கிலிருந்து வருவது சோளகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். அவர்களுக்கு வேர்க்கடலையும் கச்சான்தான். அந்தப் பெயர்ப் பொருத்தத்தை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

புயல் என்ற சொல்லும் இடம் மாறி வந்ததே. வள்ளுவர் புயல் என்றது மழையை. அது குறைந்தால் உழவர் ஏர் பூட்ட மாட்டார்கள் என்பது அவர் கவலை. கொண்டல் என்பதற்கும் மேகம், கீழ்க்காற்று என்று இரு பொருள். நீரைக் கொண்டுவருவது எதுவோ அதுவே காற்றாகவும் முகிலாகவும் பெயர் பெற்றிருக்கிறது. வீட்டின் சன்னலுக்குக் காலதர் என்று ஒரு பழஞ்சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சொற்கள் இப்படி நடமாடுகின்றன என்னும்போது, ஆச்சியின் நிதானத்தை எழுத்துக்குக் கொண்டுவருவதில் பிழை ஒன்றும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

மொழிபெயர்ப்பில் அந்த இடத்தை நான்கு முறை மாற்றி எழுதினேன். கடைசியில் ‘நிதானமில்லாத காற்று விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்த நாள்’ என்று நின்றது. ஒரு சொல்லுக்கு ஐந்து சொல்லா என்று பதிப்பித்தவர் கேட்டார். அந்த ஐந்தில் எதை எடுத்தாலும் பதர் முகத்தில் அப்பாது என்று சொல்ல நினைத்து, களத்துக் கதையை முழுவதுமாகச் சொன்னேன். அவர் அப்படியே விட்டுவிட்டார்.

மாமாவுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. கைப்பேசியில் அறிவிப்பைப் படிக்கக் கண் ஒத்துழைக்காததால் ஆடி மாதம் முழுவதும் மாலையில் என்னை அழைப்பார். நான் முழு வாக்கியத்தையும் படிக்கத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவார்.

“அதெல்லாம் இருக்கட்டும் மருமவனே. இடையிடையே எவ்வளவுன்னு போட்டுருக்கான்?”

நான் எண்ணைச் சொல்கிறேன். மறுமுனையில் சிறிது அமைதி. பிறகு யாரையோ கூப்பிட்டு, கிழக்கு வரிசைக்கு இன்னொரு கம்பு ஊன்றச் சொல்வது கேட்கிறது.